வீட்டுக்கு வீடு தாயம்: டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸில் எந்த வீட்டு ரூலை வைத்துக்கொள்வது?

பாட்டி வீட்டில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அத்தை வாழ்க்கைப்பட்டது திருவாரூர்ப் பக்கம். அங்கே அஞ்சு விழுந்தாலும் இறக்கலாம். தலை ஆடிக்கு வந்த அத்தை அஞ்சு போட்டுவிட்டுக் காயை எடுத்து வைக்க, "எந்த ஊர்ச் சட்டம்டீ இது?" என்று பாட்டி கேட்க, அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது.

பின்னாளில் ஒருநாள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2 விதம், அஞ்சு 2 விதம். ஆக பாட்டி வீட்டில் முதல் காய் இறங்க சராசரியாக 8 தடவை உருட்ட வேண்டும். அத்தை வீட்டில் 4 தடவை போதும். மத்தியானம் உட்கார்ந்த ஆட்டம் விளக்கு வைக்கிற வரை ஏன் இழுத்தது என்பது அப்போதுதான் புரிந்தது. பாட்டிக்கு அந்த இழுவைதான் வேண்டியிருந்தது, அது வேறு.

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் என்னிடம் கேட்பதும் இந்தத் தாயமா அஞ்சா கேள்விதான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட ஆட்டம் அது: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக அதில் நுழைவார்கள், செய்தது பலித்ததா என்பதைக் கட்டை உருட்டித் தீர்மானிப்பார்கள். அன்றிலிருந்தே ஒவ்வொரு மேசையும் தனக்கென்று நாலு ரூல் வைத்துக்கொண்டுதான் ஆடிவருகிறது. இதை 'வீட்டு விதி' என்று ஒருமுறை மொழிபெயர்த்துச் சொன்னேன். "வீட்டுக்கு என்னடா விதி வந்துச்சு?" என்று பாட்டி பதறிவிட்டார். அதனால் வீட்டு ரூல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் மேசையைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் நான் சொல்லும் தீர்ப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியும். கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றை ஒட்டிய ஊர். மேசை என்பது பேச்சுக்கு, உட்காருவது திண்ணையில். ஞாயிறு மூன்று மணிக்கு ஆரம்பித்தால் ஆறு, ஆறரைக்கு முடித்தாக வேண்டும். ஒருவருக்கு மயிலாடுதுறை ரயில், ஒருவருக்குப் பால் கறக்கிற நேரம். ஆறு பேரில் இரண்டு பேருக்கு இங்கிலீஷ் புத்தகம் படிக்க அலுப்பு. அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால் காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்டோம், ஜெராக்ஸ் கடையில் தேவையான பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்தோம். நடத்துவது நான், அந்த ஆளுக்கு டிஎம் என்று பெயர். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை ஆடுகிறோம். 2024 திருத்தத்திலிருந்து பிடித்ததை எடுத்துக்கொள்கிறோம்.

## எதை வைத்து அளப்பது

ஒரு வீட்டு ரூலை எடுத்துக்கொள்வதா விடுவதா என்று பார்க்க நான் நாலு கேள்வி கேட்கிறேன்.

ஒன்று, நேரம். மூன்று மணி நேர ஆட்டத்தில் இந்த ரூல் எத்தனை நிமிஷம் தின்னும்? இரண்டு, யார் தலையில் விடிகிறது? எல்லோருக்கும் பொதுவாகத் தெரிகிற ரூல்கள் பெரும்பாலும் ஒரே ஒருவரிடம்தான் வசூல் பண்ணும். பல நேரம் அது வாள் பிடிக்கிறவன். மூன்று, எதிரிக்கும் அதே ரூலா? ஆம் என்றால் கணக்கை மறுபடி போட வேண்டும். ஒரு சண்டையோடு செத்துப்போகிற பூதத்துக்கு ஒருமுறை பட்டால் போகிறது, உங்கள் கேரக்டர் அந்த அடியை வருஷம் முழுக்க வாங்க வேண்டும். நான்கு, புதிதாக வந்து உட்காருகிறவரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியுமா?

சுவாரசியமாக இருக்குமா என்ற கேள்வியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். முதல் நாள் எல்லா ரூலும் சுவாரசியமாகத்தான் இருக்கும்.

## இருபது விழுந்தால்

அடி பட்டதா என்று பார்க்க உருட்டும் இருபது முகக் கட்டையில் 20 விழுந்தால் அது சரியான அடி. புத்தகம் சொல்வது: அடி எவ்வளவு வலிக்கும் என்று காட்டும் சேதக் கட்டைகளை இரண்டு மடங்காக உருட்டு, கேரக்டரின் திறமைக்காகச் சேரும் கூட்டல் எண்ணை ஒருமுறை சேர். இதில்தான் பலருக்கு வயிற்றெரிச்சல். இருபது போட்டுவிட்டுச் சேதத்தில் ஒன்றும் ஒன்றும் விழுந்தால் முகம் செத்துப்போகிறது. அதற்கு இரண்டு மாற்றுகள் புழக்கத்தில் இருக்கின்றன. விழுந்த மொத்தத்தையும் இரட்டிப்பது ஒன்று. ஒரு பங்குக் கட்டையை உச்ச எண்ணாகவே வைத்துக்கொண்டு இன்னொரு பங்கை உருட்டுவது இன்னொன்று.

எட்டு முகக் கட்டையும் கூட்டல் 3-ம் கொண்ட நீள்வாளை எடுத்துக்கொள்வோம்.

| முறை | குறைந்தது | சராசரி | அதிகம் |
|---|---|---|---|
| புத்தகப்படி | 5 | 12 | 19 |
| மொத்தத்தை இரட்டிப்பது | 8 | 15 | 22 |
| உச்சம் + உருட்டல் | 12 | 15.5 | 19 |

பார்த்தால் மூன்றாவதுதான் அருமை. ஏமாற்றமே கிடையாது. எங்கள் மேசையிலும் அதைத்தான் முதலில் வைத்தோம். மறைந்திருந்த செலவு இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

முதல் செலவு, கட்டை நிறைய வைத்திருப்பவனுக்கு லாபமும் நிறைய. ஐந்தாம் படியில் (கேரக்டரின் தேர்ச்சி நிலைதான் படி) இருக்கிற ரோக், அதாவது கள்ளன், பதுங்கித் தாக்கினால் ஒரு எட்டு முகக் கட்டை, மூன்று ஆறு முகக் கட்டை. உச்ச முறையில் அவனுக்குப் புத்தகத்தைவிடச் சராசரியாக 11 கூடுகிறது. பக்கத்தில் நீள்வாளோடு நிற்கும் ஃபைட்டருக்குக் கூடுவது மூன்றரை. ஒரே சந்தோஷத்தை எல்லோருக்கும் பங்கு வைத்ததாக நினைத்தேன். பங்கு அப்படி விழவில்லை.

இரண்டாவது செலவு, எதிரி. முதல் படி விஸார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, 8 ஹெச்பி (உயிர்ப் புள்ளி, தீர்ந்தால் ஆள் விழுவான்) இருக்கிறது என்று வையுங்கள். காப்ளின் என்ற ஒரு சாதாரணக் குட்டிப் பூதத்தின் அடி ஆறு முகக் கட்டையும் கூட்டல் 2-ம். அது இருபது போட்டால், புத்தகப்படி விஸார்ட் விழுவதற்கு 72 சதவீத வாய்ப்பு. உச்ச முறையில் குறைந்தபட்ச சேதமே 9. கண்டிப்பாக விழுவான். நூற்றுக்கு 28 தடவை எழுந்து நின்று பதிலடி கொடுத்திருக்க வேண்டியவனை இந்த ரூல் படுக்க வைக்கிறது.

எதிரிக்கு மட்டும் புத்தக முறை என்று வைத்துக்கொள்ளலாமே? வைக்கலாம், பலர் வைக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அதை அழுகுணி ஆட்டம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு சமரசம்: மூன்றாம் படி வரை எல்லோருக்கும் புத்தகம், அதற்குப் பிறகு எல்லோருக்கும் உச்சம். ஹெச்பி ஏறிய பிறகு அந்த 9 அவ்வளவு வலிக்காது. ஒரே ஒரு நாள் மட்டும் ஆடிப்பார்க்க வரும் கூட்டத்துக்கு முதல் அடியிலிருந்தே உச்சம் வையுங்கள், நாளைக்கு என்ன ஆகும் என்ற கவலை அங்கே இல்லை. மொத்தத்தை இரட்டிக்கும் முறையில் ஒரு வசதி உண்டு: மனக்கணக்கு ஒன்றுதான், சின்னப் பிள்ளைகள்கூடச் செய்துவிடும்.

## ஒன்று விழுந்தால்

இதில் நான் நடுநிலை காட்டப்போவதில்லை. ஒன்று விழுந்தால் வாள் நழுவும், கால் தடுக்கும், தோழன்மேல் அம்பு பாயும் என்ற ரூல் வேண்டாம்.

காரணம் கணக்குதான். ஐந்தாம் படி ஃபைட்டர் ஒரு சுற்றில் இரண்டு முறை தாக்குவான். அவனுக்கு ஒரு சுற்றில் ஒன்று விழும் வாய்ப்பு 9.75 சதவீதம். இருபதாம் படியில் நாலு முறை தாக்குவான், வாய்ப்பு 18.5 சதவீதம். தேர்ச்சி கூடக் கூட வாள் அதிகம் நழுவுகிறது. விஸார்ட் நெருப்புருண்டை வீசினால் கட்டையை உருட்டுவது எதிரி, அதனால் அவன் கை நழுவுவதே இல்லை. முப்பது வருஷம் நாற்று நட்ட கை, நேற்று வயலில் இறங்கிய கையைவிட அதிகம் தப்பு செய்யும் என்று எங்கள் ஊரில் சொன்னால் நடவு ஆட்களே சிரிப்பார்கள்.

சிரிப்புக்காக ஆடும் ஒருநாள் ஆட்டத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். அப்போதும் ஒரு சுற்றின் முதல் தாக்குதலுக்கு மட்டும் என்று வரம்பு கட்டுங்கள்.

## பூஜ்யத்துக்கு வந்தவன்

அதிகம் சண்டை வருவதும் அதிகம் யோசிக்க வேண்டியதும் இங்கேதான்.

புத்தகப்படி ஹெச்பி பூஜ்யமானால் ஆள் மயங்கி விழுகிறான். தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகக் கட்டையை உருட்ட வேண்டும். 10-ஓ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி, கீழே தோல்வி. மூன்று வெற்றி வந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி வந்தால் சாவு. ஒன்று விழுந்தால் இரண்டு தோல்வி, இருபது விழுந்தால் ஒரு ஹெச்பியோடு எழுந்துவிடலாம். யாரும் உதவிக்கு வரவில்லை, மேலே அடியும் விழவில்லை என்றால் இந்தக் கணக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் சாவார்கள், 60 பேர் பிழைப்பார்கள்.

உண்மையில் யாராவது உதவிக்கு வந்துவிடுவார்கள், சிக்கலும் அதுதான். ஹீலிங் வேர்ட் என்ற மந்திரம் 60 அடி தூரத்திலிருந்து வாயால் சொன்னால் போதும், தன் முறையில் ஒரு பெரிய காரியம் செய்யக் கிடைக்கும் முழு ஆக்‌ஷன்கூடச் செலவாகாது. நாலைந்து ஹெச்பி ஏறும், விழுந்தவன் எழுந்து முழு பலத்தோடு வெட்டுவான். அடுத்த அடியில் மறுபடி விழுவான். மறுபடி மந்திரம். எங்கள் குழுவில் ஒருவர் ஒரே சண்டையில் நாலு தடவை செத்துப் பிழைத்தார். "அண்ணே, நீங்க படுத்தே இருங்க, நான் எழுப்பறப்ப எழுந்தா போதும்" என்று கிளெரிக், அதாவது குணப்படுத்தும் பூசாரி, ஆடும் தம்பி சொன்னபோது பயம் என்ற சமாச்சாரமே ஆட்டத்தை விட்டுப் போய்விட்டது.

மூன்று மாற்றுகளை ஆடிப்பார்த்தோம்.

களைப்பு. பூஜ்யத்துக்கு விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் ஒரு படி களைப்பு ஏறும். 2014 புத்தகத்தில் களைப்புக்கு ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தண்டனை. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய யாராலும் முடியவில்லை. 2024 திருத்தத்தில் அது சுலபமாகிவிட்டது: ஒரு படிக்கு எல்லா இருபது முக உருட்டலிலும் 2 குறை, நடையில் 5 அடி குறை, ஆறாவது படியில் சாவு. நீங்கள் பழைய பதிப்பை ஆடினாலும் களைப்பை மட்டும் புதியதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இதன் நல்லது, விழுவதற்கு விலை உண்டு. மறைந்த செலவும் அதே இடத்தில்தான். முன்வரிசையில் நிற்பவன்தான் விழுவான். பின்னால் நின்று மந்திரம் சொல்பவர்களைக் காப்பாற்றத்தான் அவன் முன்னால் நிற்கிறான், அபராதம் அவனுக்கு. தவிர, முழு இரவு ஓய்வுக்கு ஒரு படிதான் இறங்கும். மூன்று படி ஏறியவனுக்காகக் குழு மூன்று நாள் முகாம் போடும். கதையில் அவசரம் இருந்தால் அது நெருக்கடி, நல்லது. அவசரம் இல்லாவிட்டால் "சரி, மூணு நாள் தூங்கினோம்" என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள், ரூல் வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான்.

டபரா. இது சாவு உருட்டலை மறைத்து உருட்டுவது. வேறு மேசைகளில் கையால் மூடிக்கொள்வார்கள். எங்களிடம் காபி டபரா இருக்கிறது. டபராவில் கட்டையைப் போட்டு டம்ளரைக் கவிழ்த்துக் குலுக்கு. விழுந்தவரும் நானும் மட்டும் எட்டிப் பார்ப்போம். மற்றவர்களுக்கு எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று தெரியாது.

திறந்து உருட்டும்போது என்ன நடக்கும் தெரியுமா? "ரெண்டு வெற்றி இருக்குல்ல, இன்னும் ஒரு சுற்று தாங்குவா, நான் முதல்ல அந்த ஓநாயை முடிச்சுடறேன்" என்று பேரம் ஆரம்பிக்கும். டபரா வந்த பிறகு அந்தப் பேரம் நின்றது. கலங்கல் காபி வாசனையோடு கட்டை குலுங்கும் சத்தம் கேட்டாலே கிளெரிக் ஓடி வருவான்.

செலவு? ஒருமுறை மாமா மகளின் கேரக்டர் விழுந்தது. முதல் உருட்டல் தோல்வி. இரண்டாவதில் ஒன்று விழுந்துவிட்டது. மொத்தம் மூன்று தோல்வி. அவள் முகத்தில் எதையும் காட்டவில்லை. அடுத்த முறை வந்த கிளெரிக் பாய்ந்து போய் மந்திரம் சொன்னான். அவள் டம்ளரை எடுத்துக் காட்டினாள். யாரும் பேசவில்லை. உள்ளேயிருந்து வந்த பாட்டி, "என்னடா, எழவு வீட்டுல உக்காந்தாப்ல உக்காந்திருக்கீங்க" என்றார். அந்த மாதிரி நேரத்தைத் தாங்குகிற குழுவாக இருக்க வேண்டும். மற்றபடி நிமிஷக் கணக்கில் செலவே இல்லை, யாரிடமும் தனியாக வசூலும் இல்லை. எதிரிகளுக்கு நாங்கள் சாவு உருட்டலே போடுவதில்லை, அதனால் அந்தப் பக்கமும் பிரச்சினை இல்லை.

சாகாவரம். ஆடுபவர் சம்மதிக்காமல் கேரக்டர் சாகாது. அதற்குப் பதில் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும்: குலவாள், ஒரு கண், ஊரில் நல்ல பெயர். பிள்ளைகள் ஆடும் மேசைக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரு கேரக்டருக்காக ஐந்து பக்கம் கதை எழுதிக்கொண்டு வந்தவருக்கும் இதுதான் நியாயம். செலவு முழுக்க டிஎம் தலையில்: ஒவ்வொரு முறையும் சாவுக்குச் சமமான இழப்பை உட்கார்ந்த இடத்தில் யோசிக்க வேண்டும். இரண்டாவது செலவு எது என்று தெரிய மெலட்டூர் பாகவத மேளாவில் ஒரு ராத்திரி இரணியனைப் பார்த்தால் போதும். வரம் வாங்கியவன் அடக்கமாக இருந்ததாகக் கதையே இல்லை. எங்கள் பாலிடெக்னிக் பையன் வரம் கிடைத்த அன்றே டிராகன் வாலைப் பிடித்து இழுத்தான்.

| | நேரம் | யார் தலையில் | புதியவருக்கு | எந்த மேசைக்கு |
|---|---|---|---|---|
| புத்தகப்படி | இழுவை இல்லை | யாருமில்லை. பயமும் இல்லை | சுலபம் | தூரத்திலிருந்து எழுப்ப ஆளில்லாத குழு |
| களைப்பு | கொஞ்சம் கூடும் | முன்வரிசை | 2024 முறை என்றால் சுலபம் | கதையில் நாள்கெடு இருந்தால் |
| டபரா | ஒன்றுமில்லை | குழுவின் மனசு | பார்த்தாலே புரியும் | ஒருவரை ஒருவர் நம்பும் பழைய குழு |
| சாகாவரம் | இழப்பை யோசிக்கும் நேரம் | டிஎம் | சுலபம் | பிள்ளைகள், கதைப் பிரியர்கள் |

முதல் வரியைக் கவனியுங்கள். குழுவில் தூரத்திலிருந்து எழுப்ப ஆளில்லை என்றால் புத்தகமே போதுமான அளவு கொடூரமானது. விழுந்தவன் பக்கத்தில் நின்று எதிரி அடித்தால் அந்த அடி பட்டாலே இரண்டு தோல்வி. அங்கே போய்க் களைப்பையும் சேர்ப்பது மழையில் நனைந்தவன்மேல் குடம் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

நாங்கள் இப்போது டபராவோடு நிற்கிறோம்.

## மருந்துக் குப்பி

இது சின்ன விஷயம். 2014 புத்தகத்தில் குப்பியைக் குடிக்க முழு ஆக்‌ஷன் போகும். சாதாரணக் குப்பியில் ஏறுவது சராசரியாக 7. ஒரு முறை அடிக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு 7 ஹெச்பிக்காக யார் குடிப்பார்கள்? அதனால் உலகம் முழுக்க 'போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம்', அதாவது அடிக்கும் வாய்ப்பு போகாமலே குடிக்கலாம், என்ற வீட்டு ரூல் பரவியது. 2024-இல் புத்தகமே அதை எடுத்துக்கொண்டது. வீட்டு ரூல் சட்டமாகிப்போன கதை.

இன்னொரு வடிவம் உண்டு: அவசரமாகக் குடித்தால் உருட்டு, நிதானமாக முழு ஆக்‌ஷன் செலவழித்தால் உச்சமான 10. இரண்டில் எனக்கு இதுதான் பிடிக்கும், தேர்ந்தெடுக்க ஏதோ இருக்கிறது. செலவு: கிளெரிக்குக்குக் கொஞ்சம் மவுசு குறையும். குப்பி ஒன்று 50 பொன் என்பதால் கையில் காசு புரளாத வரை கவலை இல்லை.

## படி ஏறுவது

புத்தகத்தில் அனுபவப் புள்ளிக் கணக்கு இருக்கிறது: இரண்டாம் படிக்கு 300, மூன்றாம் படிக்கு 900, நான்காம் படிக்கு 2,700, ஐந்தாம் படிக்கு 6,500. வந்தவருக்குப் புள்ளி, வராதவருக்கு இல்லை.

காகிதத்தில் நியாயம். டெல்டாவில் வைத்துப் பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை, பிறகு சம்பா நடவு, தை மாசியில் அறுவடை. மாடு வைத்திருக்கிற எங்கள் பெரியவர் தை மாதம் முழுக்க வரவில்லை. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு காவல் இருந்தார். திரும்பி வந்தபோது மற்றவர்கள் ஐந்தாம் படி, அவர் நான்கு. ஐந்தாம் படியில்தான் ஃபைட்டருக்கு இரண்டாவது தாக்குதல் வருகிறது, விஸார்டுக்கு நெருப்புருண்டை வருகிறது. ஒரே ஒரு படிதான் வித்தியாசம், ஆனால் ஆட்டத்திலேயே பெரிய படி அது. நெல்லுக்குக் காவல் இருந்ததற்கு இங்கே அபராதம்.

அதனால் புள்ளியை விட்டோம். அடுத்தது மைல்கல் முறை: கதையில் ஒரு கட்டம் முடிந்தால் எல்லோரும் ஏறுவார்கள். கணக்கு வேலை இல்லை. ஆனால் எப்போது ஏறுவோம் என்பது டிஎம் மனசு. "அண்ணே, இன்கிரிமெண்ட் எப்போ?" என்று வங்கியில் வேலை பார்ப்பவர் வாராவாரம் கேட்டார். விளையாட்டாகக் கேட்டாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது: எதைச் செய்தால் ஏறுவோம் என்று தெரியாமல் ஆடுவது கொஞ்சம் சலிப்புதான்.

பழைய பதிப்புகளில் இன்னொன்று இருந்தது. ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த பொன் ஒன்றுக்குப் புள்ளி ஒன்று. கொன்றால் கிடைப்பது கொஞ்சம், கொண்டுவந்தால் கிடைப்பது நிறைய. இது ஆட்களை எப்படி மாற்றுகிறது என்பதைப் பார்க்கவே ஒருமுறை ஆடலாம். காவல் பூதத்தோடு மோதாமல் ஏணி போட்டார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், ஒட்டுக்கேட்டார்கள். செலவு: கடைசியில் பாழடைந்த கோயிலின் மணியைக்கூடக் கழற்றிக்கொண்டு வந்து இது எத்தனை பொன் பெறும் என்று கேட்டார்கள். ஐந்தாம் பதிப்பின் புதையல் அளவுகள் இந்தக் கணக்குக்காக வைத்தவையும் அல்ல, எண்களை நீங்களே சரிக்கட்ட வேண்டும்.

நாங்கள் கடைசியாக வந்து நின்றது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. முதல் ஞாயிறு முடிந்தால் இரண்டாம் படி, மூன்றாவது முடிந்தால் மூன்றாம் படி, அப்புறம் நாலு ஞாயிறுக்கு ஒரு படி. வந்தவர், வராதவர் எல்லோருக்கும். இதில் சாகசத்துக்கு என்று தனிப் பரிசு இல்லை, அதைப் பொருளாகவும் பட்டமாகவும் கொடுக்கிறேன். வாராவாரம் தவறாமல் கூடுகிற கல்லூரி விடுதிக் குழுவாக இருந்தால் புள்ளிக் கணக்கே போட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அது நல்ல ருசி.

## வராதவன் கேரக்டர்

இதற்கு மூன்று வழி. இன்னொருவர் அதையும் சேர்த்து ஆடலாம். அடுத்தவர் கேரக்டரைச் சாகடித்துவிட்டு அவர் முகத்தில் விழிக்க வேண்டிய ஆபத்து உண்டு. டிஎம் ஆடலாம், ஏற்கெனவே பத்து பூதத்தை ஆடும் ஆளுக்கு இது பதினொன்று. மூன்றாவது, ஒப்புக்குச் சப்பாணி. தெரு விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும் குட்டிப் பையன் மாதிரி கூடவே வருவான். அடிக்க மாட்டான், அவனை யாரும் அடிக்கவும் மாட்டார்கள்.

கதை சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்குச் சப்பாணி உறுத்தும். அவர்களுக்காக "ஆத்துல தண்ணி வந்துடுச்சு, அக்கரையில நிக்கறான்" என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். எந்த ஊர்க் கதையிலும் ஆறு ஒன்று இருக்கத்தானே செய்யும்.

## மறைத்து உருட்டுவதா, திறந்து உருட்டுவதா

டிஎம் முன்னால் அட்டைத் திரை வைத்துக்கொண்டு உருட்டினால் தேவைப்படும்போது விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லலாம். கதையைக் காப்பாற்றவும் முடியும், புதியவரின் கேரக்டரை முதல் நாளே சாகாமல் பார்த்துக்கொள்ளவும் முடியும். திரைக்கு ஆதரவாக இதைவிட நல்ல வாதம் கிடையாது, அதை நான் மறுக்கவில்லை.

செலவு தெரிய நாளாகும். நான் இரண்டு வருஷம் திரை வைத்திருந்தேன். ஒரு சண்டையில் பூதம் போட்ட இருபதைப் பதினான்கு என்று சொன்னேன். ரயிலுக்குப் போகிறவர் செருப்பு மாட்டும்போது, "இன்னிக்கு நாங்க ஜெயிச்சோமா, நீங்க ஜெயிக்க வெச்சீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை. பாட்டி தாயம் ஆடும்போது கட்டையை எல்லோர் கண்ணுக்கும் நடுவில்தான் உருட்டுவார். கோட்டுக்கு வெளியே உருண்டால் அது செல்லாது.

சண்டை உருட்டல் எல்லாம் இப்போது திண்ணை நடுவில். பூட்டில் பொறி இருக்கிறதா, காவலாளி பொய் சொல்கிறானா என்பது போன்றவற்றை மட்டும் மறைத்து உருட்டுகிறேன், ஆடுபவருக்கு எண் தெரிந்தாலே விடை தெரிந்துவிடும் என்பதால். புதியவருக்குக் கருணை காட்ட நினைத்தால் கட்டை விழுவதற்கு முன்னால் காட்டுகிறேன்: பூதத்தின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஓடிப்போக ஒரு சந்து வைக்கலாம். பிள்ளைகளோடு மட்டும் ஆடுவதாக இருந்தால் திரையை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அட்டைத் திரை போன கார்த்திகைக்கு அகலுக்குக் காற்று மறைக்கப் போனது. ஒரு ஓரம் கருகிவிட்டது. திண்ணையில்தான் கிடக்கிறது.